சரிவில் தீ, சாலையில் வண்டி: 4500 லிட்டரை எங்கே செலவழிப்பது?

குன்னூர்ச் சரிவு:
மார்ச் வந்தாச்சு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் அப்படியே நிற்கிறது. கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துக்குக் கீழே பட்டையும் சருகும் மெத்தையாகக் கிடக்கிறது. இனி கோடை மழை இறங்கும்வரை "காடு எரியுது" என்கிற போன் ஓயாது. தீயணைப்பு வண்டி சாலை வரைக்கும்தான் போகும். தீ சாலைக்கு மேலே நூறு மீட்டரிலோ கீழே பள்ளத்திலோ இருக்கும். டேங்கில் 4500 லிட்டர். இதைச் செலவழிக்கிற விஷயத்தில் எந்த நிலையத்துக்குப் போனாலும் இரண்டு கட்சி உண்டு. ஹோஸை இழுத்துக்கொண்டு மேலே ஏறி அடிக்கணும் என்பது ஒன்று. சாலையையும் வீட்டையும் விட்டு நகராதே, மேலே கோடு வெட்டுகிறவர்களுக்கு (தீ தாண்டாதபடி புல், சருகைச் சுரண்டி மண்பட்டை போடுகிறவர்களுக்கு) துணை நில் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதைக் கணக்கோடு பேச வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள் எண்களோடு எழுதுங்கள். வீரக் கதைகள் வேண்டாம்.

பம்ப் ரூம்:
அண்ணா, முதல்ல ஹோஸுக்குள்ளயே எவ்வளவு தண்ணி நிக்கும்னு பாருங்க. 63 மி.மீ. ஹோஸ் 30 மீட்டர் நீளம் ஒண்ணு, கிட்டத்தட்ட 93 லிட்டர் பிடிக்கும். பத்து லெங்த் போட்டா 930 லிட்டர். டேங்க்ல அஞ்சுல ஒரு பங்கு, தீயைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஹோஸுக்குள்ள போயிருச்சுங்க. அதோட, தண்ணி ஏறின ஒரு லெங்த் 93 கிலோவுக்கு மேல கனம். சரிவுல அதை இழுத்து நகர்த்த முடியாது. முதல்லயே எங்க நிக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு, காஞ்ச ஹோஸா போட்டுட்டுத்தான் தண்ணி விடணும்.

அடுத்தது உயரம். 10 மீட்டர் ஏறினா பிரஷர்ல 1 பார் போச்சு. ஹோஸ் எவ்வளவு நீளம்கிறது இல்லை, நேர் செங்குத்தா எவ்வளவு ஏறுதுங்கறதுதான் கணக்கு. 150 மீட்டர் ஹோஸ் போட்டு 60 மீட்டர் உயரம் ஏறுதுன்னு வெச்சுக்கங்க. உயரத்துக்கு 6 பார், நாசில் முனையில 3.5 பார், உராய்வுக்குக் கொஞ்சம். பம்ப்ல 10 பாருக்குக் குறையாம வேணும். நம்ம பம்ப் 7 பாருக்குத்தான் ரேட்டிங். தண்ணி அளவைக் குறைச்சா 10 பார் வரும், அதுக்கு மேல நெருக்கினா இன்ஜின் திணறும்.

நாசில் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். விட்டத்தை மி.மீ.ல எடுத்து அதையே அதால பெருக்கணும். அதை பிரஷரோட வர்க்கமூலத்தால பெருக்கி மூணுல ரெண்டு பங்கு எடுத்தா, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு வரும். 20 மி.மீ. நாசில் 3.5 பார்ல 500 லிட்டர் குடிக்கும். டேங்க் 9 நிமிஷத்துல காலி. 12 மி.மீ. போட்டா 180 லிட்டர்தான், 25 நிமிஷம் ஓடும். உராய்வும் ரொம்பக் குறைஞ்சிடும். புல் தீக்கு 12 மி.மீ.யே அதிகம். பெரிய நாசில் போட்டுக் காட்டுல அடிக்கறது தண்ணியை மண்ணுல கொட்டறதுக்குச் சமம்ங்க.

குன்னூர்ச் சரிவு:
கீழ் நோக்கிப் போடும்போது?

பம்ப் ரூம்:
அப்ப தலைகீழ். 50 மீட்டர் கீழ போனா 5 பார் தானாவே கூடும். மேல பம்ப்ல 7 வெச்சா கீழ 12. பழைய ஹோஸா இருந்தா கப்ளிங் கட்டுல கம்பி பிடுங்கிக்கும், பிரான்ச் (நாசில் மாட்டற குழாய்) பிடிச்சவன் கால் நழுவுவான். பம்ப்பை ஐடில்ல வெச்சு டெலிவரி வால்வைக் கால்வாசி திறந்தாலே போதும். கீழ இருக்கறவன் நாசிலைப் படக்குன்னு மூடக் கூடாது, அந்த அதிர்வுதான் ஹோஸைக் கிழிக்கும்.

மேல் நோக்கிப் போட்டதுல ஒரு விஷயம் விட்டுட்டேன். பம்ப்பை நிறுத்தின உடனே மேல இருக்கற தண்ணி மொத்தமும் திரும்பி பம்ப் மேல வந்து இடிக்கும். டெலிவரியை மூடிட்டுத்தான் த்ராட்டிலைக் குறைக்கணும். அடியில ஒரு பிரீச்சிங் (லைனை ரெண்டு வாயாப் பிரிக்கற இணைப்பு) போட்டு வெச்சா, ஒரு வாயைத் திறந்து தண்ணியை வடிச்சுட்டு ஹோஸைக் கழட்டலாம். இல்லைன்னா கப்ளிங்கைக் கழட்டறப்ப அந்த பிரஷர் முகத்துல அடிக்கும். ஒவ்வொரு கப்ளிங்குக்கும் கீழ கயிறு போட்டு மரத்துல கட்டுங்க. கட்டலைன்னா தண்ணி ஏறின கனத்துல ஹோஸே சரிவுல இறங்கி மேல நிக்கறவனையும் சேத்து இழுக்கும்.

ஓய்வு நிலைய அலுவலர்:
பம்ப் ரூம் தம்பி சொன்னது அத்தனையும் சரி. மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, உறிஞ்சும் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் தூக்கும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் தாங்குவது 7.8 மீட்டர்தான். ஸ்ட்ரெய்னர், ஹோஸ், இணைப்புக் கசிவு எல்லாம் போக, கைக்கு வருவது 5 அல்லது 5.5 மீட்டர். சென்னையிலோ திருச்சியிலோ 7 மீட்டர் கிணற்றில் சக்ஷன் போட்டுப் பழகியவர் இங்கே அதே ஆழத்தில் பிரைமரை (பம்பிலிருந்து காற்றை வெளியேற்றும் கருவியை) ஓட்டிக்கொண்டே நிற்பார், தண்ணீர் ஏறாது. பம்ப் பழுது என்று எழுதி வைப்பார். பம்பில் பழுது எதுவும் இருக்காது, ஊர்தான் உயரத்தில் இருக்கிறது. குன்னூரில் இது கொஞ்சம் தேவலை, கூடலூரில் இன்னும் தேவலை. கொடைக்கானல் ஏறக்குறைய ஊட்டி மாதிரிதான்.

ஆகவே எந்தக் குளம், எந்தத் தடுப்பணை, எந்த எஸ்டேட் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த முடியும், சாலை மட்டத்திலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை மீட்டர் கீழே, அது மார்ச்சில் எவ்வளவு இறங்கும் என்று நிலையத்தில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு முறை நேரில் போய் அளந்து திருத்த வேண்டும்.

காட்டுப் பாதை:
நான் கோடு வெட்டுற பக்கம். தண்ணீர்க் கணக்கு படிக்க நல்லா இருக்கு, ஆனா காட்டுத் தீயைத் தண்ணீர் நிறுத்தறது இல்லை. எரியறதுக்கு ஒண்ணுமில்லாத மண்தான் நிறுத்தும்.

புல்லு மட்டும் இருக்கற இடத்துல ஒரு ஆள் கையை நீட்டின அளவு அகலத்துக்கு, மண் தெரியற அளவுக்குச் சுரண்டினா சின்ன தீ நிக்கும். உண்ணிச்செடி, சீகை (வாட்டில் மரம்), கற்பூரம் இருக்கற இடத்துல அது பத்தாது, எரியற செடியோட உயரத்தைப் போல ஒண்ணரை மடங்காவது அகலம் வேணும். கோட்டை எங்க வெட்டறீங்கங்கறதுதான் முக்கியம். தீ மேல ஏறி வருதுன்னா சரிவு நடுவுல வெட்டினா செத்தீங்க. முகட்டுக்கு மேல போய், முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் இறங்கி வெட்டணும். ஏறி வந்த தீ முகட்டுல வேகம் செத்து, மறுபக்கம் மெதுவா இறங்கும். அங்கதான் அடிக்க முடியும்.

தீ மேல இருக்கு, கோடு கீழ போகுதுன்னா வெறும் சுரண்டல் கோடு பிரயோஜனம் இல்லை. பைன் காய், எரியற கட்டை, கருகின கற்பூர உருளை எல்லாம் உருண்டு வந்து கோட்டைத் தாண்டிக் கீழ விழும், அங்கிருந்து புது தீ நம்ம காலுக்குக் கீழ இருந்து ஏறி வரும். அதனால சரிவுக்குக் குறுக்க வாய்க்கால் மாதிரி குழிச்சு, எடுத்த மண்ணைக் கீழ் ஓரத்துல அணையா போடணும். உருண்டு வர்றது அதுல விழுந்து நிக்கும்.

அடிக்கறப்ப பச்சைக் கொப்பை மேல தூக்கித் தூக்கி அடிக்கற பழக்கத்தை விடுங்க. பொறி பறந்து பின்னால விழுது. அழுத்திப் பிடிச்சு, எரிஞ்ச கருப்புப் பக்கம் நோக்கி இழுக்கணும். ப்ளோயர் இருந்தா அதே விதி, காத்து கருப்புப் பக்கம் போகணும், பின்னாலயே ஒரு ஆள் வாரியோட வரணும். தீயோட வால்ல (பின்பக்கம்) ஆரம்பிச்சு ரெண்டு விலாவையும் நெருக்கிக்கிட்டே போய்க் கடைசியில தலைக்கு (தீ முன்னேறற பக்கத்துக்கு) வரணும். நேரா தலைக்கு முன்னால போய் நிக்கறவங்களைத்தான் வருஷா வருஷம் கையைப் பிடிச்சு இழுக்க வேண்டியிருக்கு.

மேல்ஹட்டி:
எல்லாம் சரி. ஆனால் முகட்டில் ஹட்டி இருந்தால்? படுகர் ஊர்களில் பல வீடுகள் மேட்டில் வரிசையாக, ஒரே கூரை தொடர்ச்சியாக இருக்கும். எஸ்டேட்டில் லைன் வீடுகளும் அப்படித்தான். ஒரு வீட்டுக் கூரைக்குள் பொறி புகுந்தால் மச்சுப் பலகை வழியாகப் பத்து வீட்டுக்கும் ஓடும். அப்போதும் சாலையில் நின்று பார்ப்பதா? அங்கே தண்ணீர்தான் முதல் ஆயுதம், நான் முதல் கட்சி.

குன்னூர்ச் சரிவு:
வீட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வண்டி எந்தச் சாலையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. தீ கீழே இருந்து ஹட்டிக்கு ஏறுகிறது என்றால், கீழ்ச் சாலையில் வண்டியை நிறுத்தி 60 மீட்டர் உயரத்துக்கு ஹோஸ் இழுப்பதால் என்ன கிடைக்கும்? எட்டு கிலோமீட்டர் சுற்றானாலும் மேல் சாலைக்குப் போய் ஹட்டியிலேயே நிற்க வேண்டும். பம்ப்பில் 4 பார் போதும். கூரையை நனைப்பது, வீட்டுக்குக் கீழ் ஓரத்துப் புல்லை நனைப்பது, பொறி விழுந்தால் உடனே அடிப்பது எல்லாம் வண்டியில் சுற்றி வைத்திருக்கும் மெல்லிய ஹோஸ் ரீல் ஒன்றிலேயே முடியும். 4500 லிட்டர் அங்கே முக்கால் மணி நேரம் தாங்கும்.

ஓய்வு நிலைய அலுவலர்:
அதோடு ஹட்டியில் முதல் ஐந்து நிமிட வேலை தண்ணீர் அல்ல. வீடு வீடாகச் சிலிண்டர் வால்வை மூடி வெளியே மேட்டுப் பக்கம் எடுத்து வைப்பது, கூரை ஓரத்தில் அடுக்கிய விறகை இழுத்துப் போடுவது, முதியவர்களையும் மாடுகளையும் எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது. ஓடு அல்லது தகரக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இரண்டு வீடு தள்ளிக் கூரையைப் பிரித்துவிடுங்கள். எரிகிற வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிரிக்க ஆரம்பித்தால் பிரித்து முடிப்பதற்குள் தீ அங்கே வந்திருக்கும்.

மேல்ஹட்டி:
ஒப்புக்கொள்கிறேன். மேல் சாலைக்குச் சுற்றிப் போகும் நேரத்தையும் யாராவது முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். சீசனில் சுற்றுலா வண்டிகள் அடைத்த சாலையில் எட்டு கிலோமீட்டர் என்பது அரை மணிக்கு மேல்.

இன்னொன்றும் கேட்கிறேன். தேயிலைத் தோட்டம் தீயை நிறுத்தும் என்று சொல்லி நம்பி நிற்கிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

காட்டுப் பாதை:
பறிப்பு நடக்கற பச்சைத் தேயிலை நல்லா நிறுத்தும். கவாத்து வெட்டின காடு வேற. வெட்டின கொப்பு அப்படியே செடி நடுவுல காஞ்சு கிடக்கும், அது புல்லை விடச் சூடா எரியும். கைவிட்ட தோட்டம் இன்னும் மோசம், பெரணியும் உண்ணியும் தேயிலை உயரத்துக்கு மேல நிக்கும். பச்சையா தெரியுதேன்னு தூரத்துல இருந்து முடிவு பண்ணாதீங்க, உள்ள நடந்து பாத்துட்டு நில்லுங்க.

மன்னவனூர்க் காற்று:
பழனி மலைப் பக்கம் இருந்து. இங்கே பெருமாள்மலை, பூம்பாறை, கூக்கால், மன்னவனூர் சரிவுகளில் காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் எல்லை கலந்து கிடக்கிறது. பட்டா நிலத்தில் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார்கள், அது சீகைக்குள் ஏறுகிறது. சீகை எரிந்த இடத்தில் மண்ணுக்குள் கிடக்கும் விதை சூட்டில் தோடு வெடித்து, அடுத்த மழையில் பத்து மடங்காக முளைக்கிறது. எரிந்த புல்வெளி சீகைக் காடாவது இப்படித்தான். ஆகவே இங்கே தீயைச் சீக்கிரம் அடக்குவது அந்த வருஷத்துக்கான வேலை மட்டும் இல்லை.

ராத்திரியில் தீ தானே அடங்கும் என்கிற நம்பிக்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பகலில் காற்று சரிவில் மேலே ஏறும், பொழுது சாய்ந்தால் கீழே இறங்கும். அது சரி. ஆனால் இறங்குகிற குளிர் பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் விழும். சரிவின் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளத்தில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டு, "மேலே அடங்கியிருக்கும்" என்று நினைப்போம். நடுச்சரிவில் அது நிதானமாக எரிந்துகொண்டே இருக்கும், காலை பத்து மணிக்குக் காற்று திரும்பியதும் மறுபடி எழும்.

குன்னூர்ச் சரிவு:
அப்படியானால் வேலைக்குச் சரியான நேரம்?

மன்னவனூர்க் காற்று:
விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலிருந்து காலை ஒன்பது வரை. ஈரம் அதிகம், காற்று கீழ் நோக்கி, பாதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நள்ளிரவில் தெரியாத சரிவில் ஆளை இறக்காதீர்கள். பாறை விளிம்பு இருக்கிறது, புகைக்கு மிரண்ட காட்டுமாடு இருக்கிறது. நண்பகல் 12 முதல் 4 வரை சரிவில் யாரும் தீக்கு மேலே இருக்கக் கூடாது. அந்த நேரம் சாலையிலும் முகட்டிலும் காவல், சாப்பாடு, தூக்கம்.

ஓய்வு நிலைய அலுவலர்:
இதைச் சட்டமாகவே எழுதி ஒட்டலாம். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு, 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. ஆள் மேட்டில் ஏறும் வேகமோ பாதியாகக் குறைகிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால், மேல் நோக்கி ஓடித் தப்பிக்க முடியாது என்பது விளங்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கியது இப்படிப்பட்ட செங்குத்தான காய்ந்த புல் சரிவில்தான். ஓடை, நீர் வழி, இரண்டு மேட்டுக்கு நடுவிலுள்ள மடிப்பு எல்லாம் புகைபோக்கி மாதிரி இழுக்கும், அங்கே பதுங்கவே கூடாது. தப்பும் வழி பக்கவாட்டில், ஏற்கெனவே எரிந்து ஆறிய கருப்பு நிலத்துக்குள்.

குழுவை உள்ளே அனுப்பும் முன் நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும். எதிர்ச் சரிவில் நின்று தீ முழுவதையும் பார்க்கிற ஆள் யார்? அவருடைய குரல் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்குமா, வாக்கி டாக்கியில் முகடு மறைக்கிறதா? வெளியே வர இரண்டு வழி எவை? பாதுகாப்பாகப் போய் நிற்கும் இடம் எது? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் குழு சாலையிலேயே நிற்கட்டும். மேலதிகாரி வந்து "என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்" என்று கேட்டால், இந்த நான்கையும் அவரிடம் கேளுங்கள்.

எதிர்தீ வைப்பது (வருகிற தீக்கு எதிரே கோட்டிலிருந்து நாமே எரித்துவிடுவது) பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். அது வனத்துறைக்காரர் வேலை. கோடு முழுவதும் வெட்டி முடிந்து, கோட்டுக்கு இரு முனையும் சாலை, பாறை, ஓடை என்று எதிலாவது கட்டப்பட்டு, உள்ளே மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், மலையேறுபவர் எவரும் இல்லை என்று உறுதியான பிறகு செய்வது. நம் வண்டியின் வேலை, அப்போது கோட்டின் பின்புறம் நின்று தாண்டி விழும் பொறியை அடிப்பது. உணர்ச்சிவசப்பட்டு நம் ஆள் யாரும் தீப்பெட்டியை எடுக்கக் கூடாது.

உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே அடர் புகை இருந்தால் அங்கே ஆளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். குந்தா பக்கம் சரிவெல்லாம் கம்பிதான். புகை வழியாகவே மின்சாரம் தரைக்குப் பாயும். லைன் நிறுத்தியாகிவிட்டது என்று மின்வாரியத்தில் இருந்து உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

புதுக் காக்கி:
வணக்கம் சார். 2024 மார்ச்சில் குன்னூரில் விமானப் படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றியதே, அதுதான் இனி வழி என்று சொல்கிறார்களே?

காட்டுப் பாதை:
உதவிதான் தம்பி, ஆள் ஏற முடியாத பாறைச் சரிவுக்கு அது இல்லாம முடியாது. ஆனா மேல இருந்து விழற தண்ணீர் தலையோட சூட்டைக் குறைக்கும், அணைக்காது. அந்தச் சூடு குறைஞ்ச கொஞ்ச நேரத்துல கீழ ஆள் போய்க் கோட்டை முடிக்கணும். போகலைன்னா காஞ்சு திரும்ப எரியும். தண்ணீர் விழற நேரம் கீழ நிக்கவே கூடாது, டன் கணக்குல விழற தண்ணீர் மரக் கொப்பை முறிக்கும், கல்லை உருட்டும்.

செயற்கைக்கோள் எச்சரிக்கையும் அப்படித்தான். செல்போனுக்கு வர்ற புள்ளி 375 மீட்டர் கட்டம், பழைய கருவின்னா 1 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள்ள எங்கயோ சூடு இருக்குன்னுதான் அர்த்தம். முகட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு அது சொல்லாது, மலையில அதுதான் ரெண்டு மணி நேர வித்தியாசம்.

பம்ப் ரூம்:
அணைச்சு முடிச்ச பிறகு செய்யற வேலையையும் எழுதுங்க, அதுலதான் மறுநாள் போன் வராம இருக்கும்.

காட்டுப் பாதை:
ஆமா. கற்பூர மரத்தோட கட்டை உள்ளுக்குள்ள நாள் கணக்கா கனியும். வேர் வழியா மண்ணுக்கடியில போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழும்பும். பைன் சருகு மெத்தையும் அப்படித்தான், மேல சாம்பல், கீழ கங்கு. ஓரத்துல இருந்து உள் நோக்கி 20, 30 மீட்டர் வரைக்கும் கட்டையெல்லாம் புரட்டணும், கொத்திக் கிளறணும், தண்ணீர் கொஞ்சம், மறுபடி கிளறல். முதுகுல மாட்டற 16 லிட்டர் பம்ப்புதான் இதுக்குத் தோது. அந்தத் தண்ணீர்ல துணி சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்தா சருகுக்குள்ள இறங்கும், இல்லைன்னா மேலயே வழுக்கி ஓடிடும். கடைசியில கையுறையைக் கழட்டிப் புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்துல கொண்டு போய்ப் பாருங்க. சூடு தெரிஞ்சா வேலை முடியலை. உங்க 4500 லிட்டருக்கு நல்ல செலவு இதுதான், தலையில அடிக்கறது இல்லை.

குன்னூர்ச் சரிவு:
இதைத்தான் கேட்க நினைத்தேன். வண்டித் தண்ணீர் முதுகுப் பம்ப்புகளை நிரப்பும் தொட்டியாக இருந்தால் 280 முறை நிரப்பலாம்.

ட்ரையர் ஷிஃப்ட்:
காட்டை விட்டு வெளியே ஒரு விஷயம். தேயிலை ஃபேக்டரியில் ட்ரையருக்குள் தீ என்று போன் வந்தால் வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து ஜெட் அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே எரிவது தட்டில் இருக்கும் தூளும், வெளியேறும் குழாயில் படிந்த பஞ்சும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் ஊதுகிறது. முதலில் ஃபேனையும் தூள் போகும் வழியையும் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு அடுப்பிலிருந்து சூடான காற்று வரும் டாம்பரை (காற்றுத் தடுப்பை) மூடுங்கள். மூச்சு அடைத்தாலே பெரும்பகுதி தணிந்துவிடும். அதற்குப் பிறகு கதவைச் சிறிதாகத் திறந்து மெல்லிய தூறலாகத் தண்ணீர். ஜெட் அடித்தால் தூள் கிளம்பிக் காற்றில் பரவும், அந்தத் தூள் படலம் ஒரே வீச்சில் பற்றும். தட்டு அணைந்ததும் கூரை உத்தரத்தின் மேல் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் படிந்த பஞ்சுத் தூசியில் கங்கு நகர்ந்து பச்சை இலையை வாட்டும் தொட்டி இருக்கும் மாடிக்குப் போயிருக்கும்.

தைலம் காய்ச்சும் கொட்டகைக்கும் ஒரு வரி. யூகலிப்டஸ் தைலம் ஏறக்குறைய 49 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும், தண்ணீரில் மிதக்கும். ஜெட் அடித்தால் எரியும் தைலத்தைப் பக்கத்துச் சருகுக்கு அனுப்புகிறீர்கள். நுரை, இல்லையென்றால் மூடி, ஈரச் சாக்கு, மண்.

புதுக் காக்கி:
மலை நிலையத்துக்குப் போட்டிருக்கிறார்கள் சார். தாம்பரத்தில் சொல்லிக் கொடுத்தது சமவெளிக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. வேறு என்ன தெரிந்துகொண்டு வர வேண்டும்?

பம்ப் ரூம்:
தம்பி, உடம்புல இருந்து ஆரம்பி. தீக்குப் போறப்ப பாலியஸ்டர் பனியன், ட்ராக் பேண்ட், ரெயின் கோட் எதுவும் வேண்டாம். உருகி ஒட்டிக்கும். குளிருக்கு உல்லன் ஸ்வெட்டர் உருகாது, உள்ள பருத்தி. ரெண்டு ஜோடி காஞ்ச சாக்ஸ் வண்டியில எப்பவும் இருக்கட்டும். வேர்த்து நனைஞ்சு முகட்டுல நின்னா அஞ்சே நிமிஷத்துல நடுக்கம் வரும், அப்ப கை பிடிப்பு போயிடும். குளிர்ல தாகம் தெரியாது, ஆனா வறட்சி வரும். மணிக்கு அரை லிட்டராவது குடி.

வண்டி மலை இறங்கறப்ப டேங்க் முழுசா இருக்கணும், இல்லைன்னா முழுசா காலியா இருக்கணும். பாதித் தண்ணி வளைவுல அலைஞ்சு வண்டியைத் தள்ளும். கல்லட்டியில 36 கொண்டை ஊசி, மேட்டுப்பாளையம் பாதையில 14. ஏறின கியர்லயே இறங்கு, பிரேக்கை நம்பி இறங்காதே. சைரன் போட்டா முன்னால போற சுற்றுலா வண்டிக்காரன் பதறி வளைவுலயே நிறுத்திடுவான், நேர் ரோடு வந்த பிறகு போடு.

ஓய்வு நிலைய அலுவலர்:
வருஷத்தில் பாதி வேலை தீயே இல்லை, தம்பி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், ஊட்டி பக்கம் மரம் விழும். அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவை மலையில் யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. ஆகவே மரம் அறுக்கும் பவர் சாவை நாசிலைவிட அதிகம் பிடிப்பாய்.

சாலைக்குக் குறுக்கே விழுந்த கற்பூர மரத்தில் எந்தப் பக்கம் இழுவை, எந்தப் பக்கம் அமுக்கம் என்று முதலில் பார். இரண்டு முனையும் மேட்டில் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் அமுக்கம். அங்கே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டுக் கீழிருந்து மேலாக முடி. முழுக்க மேலிருந்து வெட்டினால் சாவின் அலகு மரத்தில் சிக்கிக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கி மறு முனை அந்தரத்தில் இருந்தால் நேர் எதிர். எப்போதும் மேட்டுப் பக்கம் நின்று வெட்டு. வேரோடு பெயர்ந்த மரமென்றால், அடிமரத்தை வெட்டிய நொடியில் வேர்த்தட்டு மண்ணோடு எழுந்து நிமிரும், அதன் பின்னால் படம் எடுக்க நிற்கிறவர்களை முதலில் விரட்டு.

மன்னவனூர்க் காற்று:
டிசம்பரில் கொடைக்கானல் விடுதி அறைகளில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை அடைத்துத் தூங்குகிறார்கள். "கதவு திறக்கவில்லை" என்றுதான் நமக்குப் போன் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கதவை உடைத்ததும் உள்ளே பாய வேண்டாம், ஜன்னலை வெளியிலிருந்து உடைத்துவிட்டு மூச்சுக் கருவியோடு போங்கள். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார், 1800 லிட்டர் காற்று. ஆளைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கினால் அரை மணி நேரம்தான் தாங்கும்.

அதே குளிரில் சிலிண்டரில் கேஸ் வரவில்லை என்று வெந்நீரில் வைப்பவர்கள், அடுப்புப் பக்கம் உருட்டி வைப்பவர்கள் உண்டு. பள்ளிகளில் செய்முறை காட்டப் போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மேல்ஹட்டி:
மறுபடி தண்ணீருக்கு வருகிறேன். கேத்தி, முத்தோரைப் பக்கம் விவசாயிகளிடம் கிணறு, பெரிய தொட்டி, ஸ்பிரிங்க்ளர் லைன், கேரட் கழுவும் இடங்களில் சக்தியான மோட்டார் எல்லாம் இருக்கின்றன. தீ வரும்போது அவர்களே "எடுத்துக்கங்க" என்கிறார்கள். ஆனால் அவர்கள் குழாய் முனை நம் வண்டியில் மாட்டவில்லை. இதற்கு யாராவது வழி செய்திருக்கிறீர்களா?

பம்ப் ரூம்:
அவங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் 2 அங்குலம், 2½ அங்குலம், மரை போட்ட முனை. நம்ம 63 மி.மீ. கப்ளிங் ஒண்ணுக்குள்ள ஒண்ணு தள்ளி மாட்டற வகை. ஒரு பக்கம் அவங்க மரை, இன்னொரு பக்கம் நம்ம கப்ளிங் வர்ற மாதிரி அடாப்டர் லேத்துல கடைஞ்சுக்கலாம். ரெண்டு அளவுலயும் ஒவ்வொண்ணு, உள்ள ரப்பர் வாஷரோட. அலுமினியம் வேண்டாம், மரை சீக்கிரம் தேயும், கன்மெட்டல்ல (வெண்கல வகை) போடுங்க. ஆனா அந்த மோட்டாரை நேரா நாசிலுக்கு விடாதீங்க, பிரஷர் நிலையா வராது. வண்டி டேங்க்கை நிரப்ப மட்டும் வெச்சுக்கங்க. நிமிஷத்துக்கு 200 லிட்டர் வந்தாக்கூட 12 மி.மீ. நாசில் ஒண்ணு நிக்காம ஓடும்.

குன்னூர்ச் சரிவு:
மரை எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

பம்ப் ரூம்:
இல்லைங்க. ஜி.ஐ. குழாய் மரை வேற, பிளாஸ்டிக் ஸ்பிரிங்க்ளர்ல பூட்டு மாதிரி மாட்டற கிளாம்ப் வேற. போறப்ப அந்த ஊர் முனை ஒண்ணை லேத்துக்குக் கையில எடுத்துட்டுப் போங்க. கடைஞ்சு வந்த அடாப்டர்ல எந்த ஊர் தொட்டிக்குன்னு பெயிண்ட்ல எழுதி, பம்ப் பேனல் பக்கத்துல மாட்டுங்க. லாக்கருக்குள்ள போட்டா தேவைப்படறப்ப கிடைக்காது.